டெஸ்டோஸ்டிரோன் ஏறுமா, இறங்குமா? அமுக்கரா, நெருஞ்சில், அதிமதுரம் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

தேயிலைக்காரன், குன்னூர்

எங்கள் ஃபேக்டரியில் பாதி வேலை ராத்திரியில்தான் நடக்கும். பகலில் பறித்த பச்சை இலை சாயங்காலம் வந்து சேரும், வாடுவதற்கு நேரம் கொடுத்து விடியும் முன்னே அரைக்க வேண்டும். நடுவில் டீ குடிக்கும்போது இப்போதெல்லாம் பேச்சு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பக்கம் போய்விடுகிறது.

கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், ஓயாத அசதி என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தார். ஷிப்ட் முடித்து அரைத்தூக்கம் தூங்கி, மத்தியானம் கொடுத்த ரத்தம். அளவு குறைவு என்று வந்தது. உடனே அஸ்வகந்தா கேப்ஸ்யூல் வாங்கிவிட்டார், நம்ம அமுக்கராக்கிழங்குதான். அப்புறம் லீவில் சொந்த ஊரில் நன்றாகத் தூங்கி எழுந்து ஒரு காலையில் மறுபடி பார்த்தார். ஏறியிருந்தது. "பாத்தியா தம்பி, கிழங்கு வேலை செய்யுது!" என்றார்.

எனக்கு அங்கேதான் சந்தேகம். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து பொழுது போகப் போக இறங்கும். அதனால்தான் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை பார்க்கச் சொல்கிறார்கள். நைட் ஷிப்ட்காரர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தூக்கத்தின் பங்கும் லேசானதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களை ஒரு வாரம் தினம் 5 மணி நேரம் மட்டும் தூங்க விட்டதற்கே பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது.

அமுக்கராவை நான் மட்டம் தட்டவில்லை. 2015இல் எடை தூக்கிப் பயிற்சி செய்த 57 ஆண்களை வைத்துப் பார்த்ததில், 8 வாரத்தில் அமுக்கரா எடுத்தவர்களுக்கு டெசிலிட்டருக்கு 96 நானோகிராம் கூடியது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 18. 2019இல் களைப்பாக இருப்பதாகச் சொன்ன, எடை கூடிய, 40 முதல் 70 வயது ஆண்களிடம் போலி மாத்திரையைவிட சுமார் 15 சதவீதம் அதிகம் ஏறியது. ஆனால் அதே ஆய்வில் களைப்பு குறைந்ததில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! அண்ணன் கேப்ஸ்யூல் வாங்கியதே களைப்புக்குத்தானே. இன்னொன்று, ஆய்வுகளில் கொடுத்தது அளவு நிர்ணயித்துப் பிரித்தெடுத்த சாரம். கடையில் அரைக்கரண்டி அள்ளிப் பாலில் போடும் பொடிக்கு அந்தக் கணக்கு பொருந்தும் என்று எப்படிச் சொல்வது?

மருந்துக்கடை, பழனி அடிவாரம்

நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாமி கும்பிட்டுவிட்டு கொடைக்கானல் ஏறும் முன் கடைக்கு வந்து, மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நிற்பார்கள். அப்போதே தெரிந்துவிடும், என்ன கேட்கப் போகிறார்கள் என்று.

நெருஞ்சில் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜிம்முக்குப் போகும் பையன்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பல்கேரியாவில் 20 முதல் 36 வயதுள்ள 21 ஆண்களை வைத்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 4 வாரம் கொடுத்தும் டெஸ்டோஸ்டிரோன் அசையவில்லை. நான் நீர்க்கடுப்புக்குத்தான் கொடுக்கிறேன், அதற்கு நல்ல பெயர் உண்டு.

பயப்பட வேண்டியது லேபிள் இல்லாத பாக்கெட்டுக்குத்தான். "ஒரு மணி நேரத்துல தெரியும்" என்று யாராவது விற்றால் அது வேரும் இல்லை, ஹார்மோனையும் ஏற்றவில்லை. இப்படிப்பட்ட 'மூலிகை' சரக்குகளில் சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் மருந்து, கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் தடாலென்று விழுந்து உயிருக்கே ஆபத்து.

கோத்தகிரி வாத்தியார் மகள்

எல்லோரும் ஏற்றுவதையே பேசுகிறீர்களே, இறக்குவது ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதிமதுரம். பனிக்காலத்தில் அப்பாவுக்குத் தொண்டை கட்டும். பாடம் நடத்திப் பழகிய தொண்டை, ரிடையர் ஆன பிறகும் சும்மா இருக்காது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு வேர் கிடக்கும், நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பார்.

பிரஷர் மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் இறங்கவில்லை. கெண்டைக்காலில் குரக்களி வேறு. ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, அப்பா சத்தியமாக இல்லை என்றார். அவருக்கு அது மருந்தே இல்லையே! நான்தான் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

டாக்டர் விளக்கியது இது. அதிமதுரத்தில் இனிக்கும் கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. மிஞ்சும் கார்டிசால் உப்பைப் பிடித்துவைத்து பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. ஆண் ஹார்மோன் உருவாகும் வழியிலும் அதிமதுரம் கை வைக்கிறது. இத்தாலியில் 1999இல் 7 ஆண்களுக்குத் தினம் 7 கிராம் அதிமதுர மாத்திரை கொடுத்ததில், 4 நாளிலேயே டெஸ்டோஸ்டிரோன் நன்றாக இறங்கி, நிறுத்தியதும் ஏறியிருக்கிறது. பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவு இறக்கம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தாது புஷ்டி லேகியங்களிலேயே அதிமதுரம் சேர்ப்பதுண்டு. ஏற்ற வாங்கிச் சாப்பிடுபவர்கள் டப்பாவைத் திருப்பிப் படிக்கலாம்.

அப்பா இப்போது சுக்கு வெந்நீருக்கு மாறிவிட்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

பண்ணைக்காட்டான், கொடைக்கானல் மலை

அக்கா சொன்னது போலத்தான் எங்கள் மச்சானுக்கும், ஆனால் அமுக்கராவில். சாப்பிடத் தொடங்கிய பிறகு படபடப்பு, கை நடுக்கம், எடை வேறு குறைந்தது. பார்த்தால் தைராய்டு அளவு ஏறியிருந்தது. அமுக்கரா தைராய்டு ஹார்மோனையும் கூட்டக்கூடும் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். சிலருக்கு ஈரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்ததும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க்கில் 2023இல் தடையே போட்டுவிட்டார்கள்.

மீதி டப்பாவை எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார். அவர் ஏற்கெனவே தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர். கொடுக்கவில்லை, இன்னும் கோபமாக இருக்கிறார்.