வேப்பமரத்தடிக்கு 50 வருடம் ஆகிவிட்டதா இல்லையா?

தரைக்கடை மகள்:
கோட்டையூரான் அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டதாம். இனிமேல் சந்தை வாசலில் சாக்கு விரித்துக் கீரை விற்பவர்கள் எல்லாரும் ஆக்கிரமிப்பாளர்களாம். ஒரே நாளில் அவர்களை அள்ளிச் சந்தைக் கட்டடத்துக்குள் போட்டுவிட வேண்டுமாம். அண்ணே, ஊர் மாநகராட்சி ஆனது 2024-ல். எங்கள் அப்பத்தா அதே சந்தை வாசல் வேப்பமரத்தடியில் கடை போட்டவர். அவருக்கு அப்புறம் அம்மா. இப்போது சந்தை நாளில் நானும் கூட உட்காருகிறேன். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்தை ஒரு தடவையாவது படித்துவிட்டு எழுதுங்கள். 50 வருடத்துக்கு மேல் வியாபாரம் நடக்கிற இடத்தைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கே விற்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அதில் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், யார் ஆக்கிரமிப்பாளர்?

கோட்டையூரான்:
எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை. எங்கள் கோட்டையூரையும் கண்டனூரையும் மாநகராட்சியோடு சேர்த்தாகிவிட்டது. வரி நாங்களும்தான் கட்டுகிறோம். போன மாதம் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சந்தை வாசலைத் தாண்டவே இருபத்தைந்து நிமிடம். ஒரு பக்கம் தக்காளிக் கூடை, மறுபக்கம் மீன் பெட்டி, நடுவில் லோடு ஆட்டோ. அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. 50 வருடம் என்கிறீர்களே, ஆதாரம் எங்கே? வாயால் சொன்னால் ஆயிற்றா?

தரைக்கடை மகள்:
அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கட்டும். ஆனால் வழியை அடைத்தது லோடு ஆட்டோ, எங்கள் சாக்கு இல்லை.

ஆதாரம் கேட்டீர்கள், சொல்கிறேன். வீட்டில் அம்மாவின் தகரப் பெட்டி இருக்கிறது. அதில் ரேஷன் கார்டுக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்து சந்தைச் சுங்கச் சீட்டுகளை வைத்திருக்கிறார். ரோஸ் காகிதம், ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது. இருப்பதிலேயே பழையது 1983. குத்தகைக்காரரின் ஆள் வந்து கூடைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு கிழித்துக் கொடுத்த சீட்டு. ஆக்கிரமித்தவரிடம் யாராவது சுங்கம் வாங்கிச் சீட்டுக் கொடுப்பார்களா?

கோட்டையூரான்:
1983. நீங்களே எழுதிவிட்டீர்கள். அதிலிருந்து இன்றைக்கு 40 சொச்சம் வருடம். 50 எங்கே?

தரைக்கடை மகள்:
அப்பத்தா பெருவிரல் ரேகை வைத்தவர். சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சீட்டு இல்லை என்பதால் அப்பத்தாவே இல்லை என்று ஆகிவிடுமா?

சமையல் மாஸ்டர்:
நான் முப்பது வருடமாகக் கல்யாணச் சமையல் செய்கிறேன். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்த ஊர் விசேஷமானாலும் காய் எடுப்பது இந்தச் சந்தையில்தான். கட்டடத்துக்குள் கடை என்றால் ஏலம் உண்டு, அட்வான்ஸ் உண்டு, மாத வாடகை உண்டு. ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் லோடு இறக்குகிறவர் ஏலம் எடுப்பார். இரண்டு கட்டுப் பிரண்டையும் ஒரு கூடைச் சுண்டைக்காயும் கொண்டு வருகிற ஆத்தா எடுப்பாரா? லாரியில் கோஸ் வரும், கேரட் வரும். பிரண்டை வராது. மாடி ஏறிப் போய்க் கீரை வாங்குகிறவரையும் நான் பார்த்ததில்லை.

கோட்டையூரான்:
மாஸ்டர், உழவர் சந்தை எதற்கு இருக்கிறது? 1999-ல் மதுரையில் ஆரம்பித்த திட்டம், கடைக்கு வாடகையே கிடையாது. அங்கே போய் விற்கட்டுமே.

சமையல் மாஸ்டர்:
அங்கே விவசாயிக்குத்தான் அடையாள அட்டை. இந்த ஆத்தாக்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. வயலில் போய் வாங்கி வந்து விற்கிறார்கள். யார் அட்டை கொடுப்பார்கள்?

கோட்டையூரான்:
சரி, அது வயிற்றுப்பாடு. நான் கேட்டது 50.

சென்னைப் பேரன்:
எல்லாரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க அது முதலில் 'இயற்கைச் சந்தை'யாக இருக்க வேண்டும். சட்டத்தில் அதற்குத் தனி விளக்கம் இருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் காலங்காலமாகக் கூடுகிற இடமாக இருக்க வேண்டும். அதோடு தெரு வியாபாரத்துக்கென்று ஊரில் அமைக்கிற நகர விற்பனைக் குழு பரிந்துரை செய்து உள்ளாட்சி அமைப்பு தீர்மானித்திருக்கவும் வேண்டும். அந்தத் தீர்மானம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும். 50 வருடக் கணக்கு சந்தைக்கு, தனி ஒருவர் கடைக்கு இல்லை.

தரைக்கடை மகள்:
வருடத்துக்கு ஒரு தடவை முன்னோர் படைப்புக்கு வந்து, வீட்டைத் திறந்து தூசி தட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறவர் எங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். உங்கள் ஆச்சி இருந்தவரை வெயில் ஏறுவதற்குள் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார். அரைக்கீரைக் கட்டைப் புரட்டிப் பார்ப்பார், வேர் ஈரமாக இருந்தால்தான் எடுப்பார். அவரைக் கேட்டிருந்தால் 50 வருடக் கணக்கை அவரே சொல்லியிருப்பார்.

குழுவைப் பற்றிச் சொன்னீர்கள். அந்தக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதற்கும் 30 நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரே நாளில் அள்ளு என்கிறார் கோட்டையூரான். 2020-ல் தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் என்று சொன்னபோது அம்மா ஓர் அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்தார். கடை முகவரி கேட்டார்கள். வேப்பமரத்தடி என்றார். அப்படி எல்லாம் எழுத முடியாது என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை மடித்துக் கீரைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். நனைந்து போயிருந்தது. எங்கள் மேல் ஆதாரம் இல்லை என்று குற்றம் சொல்கிறவர்கள், கொடுத்த ஆதாரத்தை வாங்க மறுத்தவர்களைக் கேளுங்கள்.

நூறடி ரோடு கடைக்காரர்:
நானும் காய்கறிக் கடைதான். வாடகை, கரண்டு, உரிமக் கட்டணம் எல்லாம் கட்டுகிறேன். மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை. அது தவறினால் அபராதம். இவர்கள் கூறு கட்டி விற்கிறார்கள். எடையும் இல்லை, முத்திரையும் இல்லை. சட்டம் எனக்கு மட்டும்தானா?

தரைக்கடை மகள்:
கூறு கண்ணெதிரே குவித்து வைத்தது. பிடித்தால் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கூறுக்குப் போகலாம். போதாது என்றால் மேலே ரெண்டு போடச் சொல்லலாம். உங்கள் தராசில் ரெண்டு கத்திரிக்காய் சும்மா விழுமா? முத்திரை வைத்த உங்கள் கடையில்தான் போன தீபாவளிக்குக் கவுனி அரிசி வாங்கினேன். நிறம் கறுப்பு, அவ்வளவுதான். வேகவைத்தால் ஒட்டவே இல்லை. கவுனி என்றால் பிசுபிசுவென்று விரலில் ஒட்ட வேண்டும். விருந்துக்கு வந்த சம்பந்தி முன்னால் தலை குனிந்தேன்.

நூறடி ரோடு கடைக்காரர்:
இரவு முழுக்க ஊற வைத்தீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் ஊற வைத்துவிட்டு அரிசியைக் குறை சொல்லக் கூடாது. என் கவுனியைப் பற்றி இப்படிப் பொதுவில் எழுதியதை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

தரைக்கடை மகள்:
கவுனி ஊற வைக்க எனக்குக் கற்றுக் கொடுக்கிறீர்களா? மாட்டேன்.

சமையல் மாஸ்டர்:
தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒட்டாத கவுனி கவுனியே இல்லை. 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் தடை வந்தபோதும் முதலில் மாறியது தரைக்கடைதான். அன்றைக்கே கீரையை வாழை நாரில் கட்டி, கருவாட்டைத் தேக்கிலையில் மடித்துக் கொடுத்தார்கள்.

நூறடி ரோடு கடைக்காரர்:
மாஸ்டர், உங்கள் பழைய பாக்கி எவ்வளவு என்று இங்கே எழுதட்டுமா?

சமையல் மாஸ்டர்:
எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய அழுகல் தக்காளியைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

கோட்டையூரான்:
கவுனி, தக்காளி எல்லாம் இருக்கட்டும். நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன். 1983 சீட்டை வைத்து 50 வருடம் எப்படி?

தரைக்கடை மகள்:
அப்பத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வெங்காயக்கடை ஆத்தா இன்னும் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. கல்யாணமாகி வந்த வருடமே அந்த மரத்தடிக்கு வந்துவிட்டேன், அப்போது மரம் என் தோள் உயரம் என்பார். நாளைக்குச் சந்தை. விடியற்காலை நாலரைக்கெல்லாம் சாக்கு விரித்துவிடுவோம். வாருங்கள், அவர் வாயாலேயே கேளுங்கள்.

கோட்டையூரான்:
வருகிறேன். ஆத்தா சொல்வதையும் கேட்கிறேன். ஆனால் காகிதம் வேண்டும். 50 வருடத்துக்கு முந்தையதாக ஒன்று காட்டுங்கள்.

தரைக்கடை மகள்:
நீங்கள் முதலில் வாருங்கள். வண்டியை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு வாருங்கள்.