லூயிஸ் ஹைன் படங்கள்: நிற்கவைத்து எடுத்தது ஆவணமாகுமா?

ஒளிப்பெட்டி:
அமெரிக்க நூற்பாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் லூயிஸ் ஹைன் 1908 முதல் எடுத்த குழந்தைத் தொழிலாளர் படங்களைப் பார்த்து வருகிறேன். பல படங்களில் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கேமராவையே பார்த்து நிற்கிறார்கள். சொல்லி நிற்கவைத்ததை ஆவணம் என்று எப்படி ஏற்பது? இன்றைக்கு ஒருவர் இப்படி எடுத்தால் சும்மா விடுவோமா?

பழைய நெகட்டிவ்:
நிற்கவைத்துத்தான் எடுத்தார். அவரிடம் இருந்தது 5க்கு 7 அங்குலப் பெட்டிக் கேமரா, கண்ணாடித் தகடு, வெளிச்சத்துக்கு மக்னீசியப் பொடி. பொடி பளிச்சென்று எரிந்து புகை கிளம்பும். அப்புறம் தகட்டை மாற்ற வேண்டும். நானும் முக்காலியில் ஏற்றும் பெரிய கேமராவில் எடுப்பவன். இருட்டான ஆலைக்குள் ஓடுகிற பிள்ளையை அதில் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

ஆனால் படத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். கூடவே அவர் எழுதிய குறிப்பையும் படியுங்கள். 1908, வட கரோலினாவின் விட்னெல் நூற்பாலை. நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறுமி. உயரம் 51 அங்குலம், வேலைக்கு வந்து ஓராண்டு, சில நாள் இரவு வேலையும் உண்டு, கூலி நாளுக்கு 48 சென்ட். வயது கேட்டதற்குத் தயங்கி, "ஞாபகம் இல்லை" என்றிருக்கிறாள். பிறகு மெதுவாக, வேலை செய்கிற வயது தனக்கு இன்னும் ஆகவில்லை, ஆனாலும் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். இதைப் படித்துவிட்டு அவள் நிற்கிற விதத்தைப் பாருங்கள்.

உயரத்தை எப்படி அளந்தார் தெரியுமா? தன் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் போதும். பைக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொள்வார். மேஸ்திரிக்குத் தெரியாது.

நூல்கண்டு:
தீயணைப்பு ஆய்வாளர், பைபிள் விற்பவர் என்று பொய் சொல்லி உள்ளே போனவர்தானே? அது மட்டும் நேர்மையா?

பழைய நெகட்டிவ்:
முதலாளியிடம் சொன்ன பொய்தான். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. அவரை அனுப்பியது குழந்தைத் தொழிலை எதிர்த்துப் போராடிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு. அதற்கு, ஆலைக்காரர்கள் "எல்லாம் புளுகு" என்று சொல்லிவிட முடியாதபடி ஆதாரம் வேண்டியிருந்தது. அதனால்தான் இடம், தேதி, உயரம் என்று அத்தனை கறாராக எழுதினார். உள்ளே விடாத இடங்களில் வாசலில் காத்திருந்து, வேலை விட்டு வெளியே வரும் பிள்ளைகளை எடுத்தார்.

நூல்கண்டு:
சரி, அந்தப் படங்களால்தானே சட்டம் வந்தது?

பழைய நெகட்டிவ்:
அதைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். 1916-ல் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் கீட்டிங்–ஓவன் சட்டம் வந்தது. 1918-லேயே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அதைத் தள்ளிவிட்டது. நிலைத்து நின்ற கூட்டாட்சிச் சட்டம் 1938-ல்தான். ஹைன் 1940-ல் கையில் காசில்லாமல் செத்துப்போனார்.

ஒளிப்பெட்டி, வேலை நடக்கும்போது எடுத்தது வேண்டுமென்றால் பென்சில்வேனியாவின் சவுத் பிட்ஸ்டன், 1911 என்று தேடுங்கள். நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் பையன்கள் வரிசை வரிசையாகக் குனிந்திருப்பார்கள். தூசி சில நேரம் பார்வையையே மறைத்தது என்று குறிப்பில் இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் 5,000-க்கு மேல் படங்கள் இருக்கின்றன. படத்தோடு குறிப்பு அட்டையையும் திறந்து பாருங்கள்.