மறு: ரப்பற் கிளியரன்ஸுக்குத் தமிழில என்ன? ‘விடுவெளி’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

எங்கட கலைச்சொல் பட்டியலுக்கு ரப்பற் கிளியரன்ஸ் (tappet clearance), அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அமத்துற றொக்கர் எண்ட நெம்புகோலுக்கும் நடுவில வேணுமெண்டு விடுற சின்ன வெளி, அதுக்குத் தமிழில என்ன சொல்லு எண்டு கதை நடக்குது. ஒரு கிழமையா எல்லாற்ற மடலையும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தன், ஆனா காரில ஒருக்கா கை வைக்காம பதில் எழுதக்கூடாது எண்டு விட்டிட்டன். நேற்று ஞாயிறு, வெள்ளவத்தையில வீட்டு முத்தத்திலயே வேலையை முடிச்சாச்சு. முதல்ல அதைச் சொல்லுறன், ஏனெண்டா சொல்லு அதுக்குள்ள இருந்துதான் வந்தது.

கார் 1970 எம்ஜி மிட்ஜெட், 1275 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின். எங்கட மொறிஸ் மைனர்ல கிடக்கிற அதே குடும்பம், அதால கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில போய் றொக்கர் கவர் காஸ்கெற் கேட்டா என்ன எண்டு விளக்கத் தேவையில்லை. இரவு முழுக்க ஆறவிட்டு வெயில் ஏற முதல் தொடங்கினன், புத்தகத்தில அந்த வெளிக்குக் குடுத்திருக்கிற 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர், குளிர்ந்த எஞ்சினுக்கான கணக்கு. பிளக் நாலையும் கழட்டி, நாலாம் கியர்ல போட்டு, மகன் காரை மெல்ல மெல்லத் தள்ள நான் குனிஞ்சு நிண்டு பாத்தன். மொத்தம் எட்டு வால்வு. எட்டாவது முழுக்கத் திறந்து நிக்கேக்க ஒண்டாவதின்ர அளவை வைக்கலாம், ஏழு திறந்தா ரெண்டு, ஆறு திறந்தா மூண்டு, இப்பிடி ரெண்டையும் கூட்டினா எப்பவும் 9 வரும். றொக்கரில இருக்கிற நட்டை இளக்கி, ஸ்குறூவைத் திருப்பி, வெளியை அளக்கிற மெல்லிய தகடு (feeler gauge) லேசா உரசிக்கொண்டு போகுதா எண்டு பாத்து, ஸ்குறூ அசையாமப் பிடிச்சுக்கொண்டு நட்டை இறுக்கி, திரும்பவும் தகட்டை விட்டுப் பாக்க வேணும். நட்டு இறுகேக்க அளவு மாறும், எனக்கு நேற்று மூண்டு வால்வில மாறினது.

அப்பதான் மகன் கேட்டான், “அப்பா, இடைவெளி இருந்தா பிழைதானே, ஏன் நாங்களே வைக்கிறம்?”

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லுற சொல்லாத்தான் எங்கட கலைச்சொல் இருக்க வேணும் எண்டு எனக்குப் பட்டது. இனி நீங்கள் எழுதினதுகளுக்கு வாறன்.

> தளர்வு எண்டு வைப்பம். கராஜ்காரருக்கு உடன விளங்கும்.

அண்ணை, மன்னிக்க வேணும், இந்தச் சொல்லை மட்டும் நான் கடைசிவரைக்கும் ஏற்க மாட்டன். நாலு வருசத்துக்கு முன்னம் இதே காரை ஒரு கராஜில விட்டன். அங்க ஒருத்தர் காது குடுத்துக் கேட்டிட்டு “ரப்பற் லூசா இருக்கு, இறுக்கி விடுறன்” எண்டார், நானும் தலையாட்டினன். டிக் டிக் சத்தம் நிண்டிட்டுது, நல்ல சந்தோசம். கொஞ்ச மாதத்தில ஒரு சிலிண்டர் வேலை செய்யாமப் போச்சுது, எஞ்சின்ர மேல்பாகமான ஹெட்டைக் கழட்டிப் பாத்தா எக்ஸோஸ்ற் வால்வின்ர விளிம்பு ஒரு பக்கம் எரிஞ்சு போய்க் கிடந்தது. வால்வு தன்ர சூட்டில பெரும்பங்கை மூடி இருக்கிற நேரத்தில சீற்றுக்குத்தான், அதாவது அது மூடேக்க பொருந்துற விளிம்புக்குத்தான், குடுக்கிறது. வெளி இல்லாட்டி சூட்டில தண்டு நீளும், நீண்டா வால்வு முழுக்க மூடாது, மூடாட்டி எரியிற வாயு அந்தக் கீறலுக்குள்ளால பாயும். தளர்வு எண்டா கேக்கிறவன் அதைக் குறை எண்டுதான் எடுப்பான், குறை எண்டா இறுக்கத்தான் கை போகும். ஒரு சொல்லு எனக்கு ஒரு வால்வைத் திண்டது.

இன்னொண்டும் இருக்கு. இலங்கையில 2002இல ஈயப் பெற்றோல் நிண்டிட்டுது. இந்தப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில சீற்றை ஹெட்டிலயே வெட்டியிருப்பினம், ஈயம் இல்லாத பெற்றோலுக்கு அது மெல்ல மெல்லத் தேஞ்சு எக்ஸோஸ்ற் வால்வு உள்ளுக்குப் போகும், அப்ப வெளி தானாக் குறையும். சத்தம் குறைஞ்சுகொண்டு வந்தா அதுதான் பயப்பட வேண்டிய நேரம்.

> நூலிடை. தமிழாவும் இருக்கு, அழகாவும் இருக்கு.

அக்கா, அழகுதான், ஆனா ஆசாரிமாருக்கு ஒரு நூல் எண்டா அங்குலத்தில எட்டில ஒரு பங்கு, 0.125. நாங்கள் வைக்கிறது அதில பத்தில ஒண்டும் இல்லை. நூலிடை எண்டு ஒரு ஆசாரியிட்டச் சொன்னா அவர் பத்து மடங்கு வைப்பார். அதோட நூலிடை எண்டவுடன தமிழ் வாசிச்ச ஆக்களுக்குப் பெம்பிளையின்ர இடுப்புத்தான் ஞாபகம் வரும்.

> வால்வு இடைவெளி எண்டா காணாதா? ஏன் புதுச்சொல்லு?

தம்பி, இதுதான் கஷ்டமான கேள்வி, ரெண்டு நாள் யோசிச்சன். இடைவெளி பிழை இல்லை, ஆனா தேஞ்சு வந்ததும் இடைவெளிதான், வேணுமெண்டு வைச்சதும் இடைவெளிதான். என்ர றொக்கர் ஒண்டில வால்வுத் தண்டு முட்டுற இடம் தேஞ்சு சின்னப் பள்ளம் விழுந்திருக்கு. தட்டைத் தகடு அந்தப் பள்ளத்துக்கு மேலால பாலம் மாதிரிப் போகுது, அதால தகடு 0.012 காட்டினாலும் உண்மையில அதைவிடக் கூட இருக்கு, சத்தமும் நிக்கேல்லை. அங்க நாங்கள் விட்டது வேற, தேய்மானம் தந்தது வேற. ரெண்டுக்கும் ஒரே சொல்லு இருந்தா மகனுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?

அதால என்ர முன்மொழிவு: விடுவெளி. விடுகதை, விடுமுறை மாதிரி வினைத்தொகை. வேணுமெண்டு விட்ட வெளி. வெள்ளவத்தையில கடலோரத் தண்டவாளத்தில மூட்டுக்கு மூட்டு விட்டிருக்கிறதும் விடுவெளிதான், பிஸ்டன் றிங்கின்ர ரெண்டு முனைக்கும் நடுவில விடுறதும் விடுவெளிதான். வசனத்தில போட்டுப் பாருங்கோ: “விடுவெளி குறைஞ்சிட்டுது, வால்வு எரியப் போகுது.” “விடுவெளியை 0.012இல வை.” விடுவெளியை இறுக்கி இல்லாமப் பண்ணு எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம், சொல்லே தடுக்கும்.

தகட்டுக்கு நான் ‘தகட்டுக் கணிச்சி’ எண்டு பாவிக்கிறன். உயர்தரத்தில பௌதிகவியல் படிச்ச எல்லாருக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சி ஞாபகம் இருக்கும், கையில இருக்கிற சொல்லை விட்டிட்டுப் புதுசா ஏன் தேடுவான்.

---

> அண்ணை, விடுவெளி நல்லம். ஆனா ஸ்பார்க் பிளக்கிலயும் வேணுமெண்டுதானே 0.025 வைக்கிறம்? அப்ப அதுவும் விடுவெளியா?

தம்பி, நல்ல இடத்தில பிடிச்சாய். இல்லை எண்டுதான் சொல்லுவன். பிளக்கில அந்த வெளிதான் வேலை நடக்கிற இடம், பொறி அதுக்குள்ளாலதான் பாயுது, அது பொறி இடைவெளி. விடுவெளி எண்டா ஒரு பொருள் சூட்டில நீளவோ அசையவோ இடம் விட்டு வைக்கிறது. வரைவிலக்கணத்தில இதைச் சேர்க்கிறன், நீ கேக்காட்டி விட்டிருப்பன்.

---

> வெளி எண்டா வயல்வெளி, பெருவெளி மாதிரிப் பெரிசாக் கேக்குது. மயிரளவு இடத்துக்கு வெளியா? எண்டாலும் அந்த எரிஞ்ச வால்வுக் கதைக்குப் பிறகு தளர்வை நானும் விட்டிட்டன். நூலிடையையும் எடுத்திடுங்கோ.

அக்கா, நீங்கள் சொல்லுற பெரிசு எனக்கும் கேக்குது. ஆனா இடைவெளியிலயும் அதே வெளிதானே இருக்கு, பிளக் முனைக்கு அதைச் சொல்லேக்க ஒருத்தருக்கும் வயல் ஞாபகம் வாறேல்லை, பழகினா இதுவும் அப்பிடி வரும். பட்டியல்ல ‘விடுவெளி’ எண்டு போட்டு, பக்கத்தில ரப்பற் கிளியரன்ஸ் எண்டும் எழுதுறன், கராஜில அதைத்தான் சொல்லுவினம். றொக்கருக்கும் அதைத் தள்ளுற கம்பியான புஷ்றொட்டுக்கும் இன்னும் சொல்லு இல்லை. தேஞ்ச றொக்கரைப் படமெடுத்து இரவு அனுப்புறன், பாத்திட்டு எழுதுங்கோ.