ஆக்ஸிமீட்டரில் 98, ஆனாலும் மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி (நர்சிங் மாணவி):
ரத்தசோகை நோயாளி, 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6 கிராம். ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 98 காட்டுது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது, நாடி 110. ஆக்ஸிஜன் குறையலைன்னா இந்த இளைப்பு எதனால்? மாஸ்க் வைத்தால் சரியாகுமா?

பதில் (உடலியங்கியல் ஆசிரியர்):
கருவி சரியாகத்தான் காட்டுகிறது. 98 என்பது, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏற்றியிருக்கிறது என்ற கணக்கு. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்ஸிஜனைப் பிடிக்கும். இயல்பாக 15 கிராம் இருந்தால் 100 மி.லி. ரத்தத்தில் 15 × 1.34 × 0.98, அதாவது 19.7 மி.லி. 6 கிராமுக்கு 7.9 மி.லி. மட்டுமே. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கரைந்திருப்பது வெறும் 0.3 மி.லி.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திசுக்கள் 100 மி.லி. ரத்தத்திலிருந்து சுமார் 5 மி.லி. எடுக்கும். இருபதில் ஐந்து போனால் பதினைந்து மிச்சம். எட்டில் ஐந்து போனால்? அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் இதயம் 110-இல் ஓடுகிறது. படி ஏறினால் அதுவும் போதாது.

இருக்கிற ஹீமோகுளோபின் ஏற்கெனவே 98 சதவீதம் நிரம்பிவிட்டதால், சாதா மாஸ்கில் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்ஸிஜன் விட்டாலும் கூடுவது அரை மி.லி. அளவுதான். ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் பெரியவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் ஏறும், ஆக்ஸிஜன் 1.3 மி.லி. கூடும். எது பலன் தரும் என்பது இதிலேயே தெரிகிறது.

பதில் (தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்):
சார் சொன்னதோடு ஒன்று. கருவி உண்மையிலேயே ஏமாறும் இடமும் உண்டு: தீ விபத்துப் புகை. கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிமீட்டர் 660, 940 நானோமீட்டர் என்று இரண்டே ஒளிகளை வைத்துக் கணக்குப் போடுவதால் அதையும் ஆக்ஸிஜன் ஏறியது என்றே எண்ணி 98 காட்டும். அங்கே எண்ணை நம்பாதீங்க. கார்பன் மோனாக்சைடு ஏறியதைத் தனியாகப் பிரித்துக் காட்டும் கோ-ஆக்ஸிமீட்டரில் ரத்தத்தைப் பாருங்க. மாஸ்க் அங்கேதான் மருந்து: சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும், முழு ஆக்ஸிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும்.

கேள்வி (நர்சிங் மாணவி):
நன்றி சார், நன்றி சிஸ்டர். இவ்வளவு பற்றாக்குறை இருந்தும் உதடு நீலம் பாயலையே?

பதில் (உடலியங்கியல் ஆசிரியர்):
நல்ல கவனிப்பு. நீலம் கண்ணுக்குத் தெரிய, நுண்குழாய் ரத்தம் 100 மி.லி.க்குச் சுமார் 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இழந்திருக்க வேண்டும். மொத்தமே 6 கிராம் உள்ளவரிடம் அதில் 5 கிராம் காலியாவது உயிர் போகும் நிலை. அதனால் நீலத்துக்குக் காத்திருக்காதீர்கள். கீழ் இமையை இழுத்து உட்புறம் பாருங்கள், நாக்கையும் உள்ளங்கை ரேகையையும் பாருங்கள். வெளிறியிருக்கும்.