ஜான் ஜுவாங்: தினமும் எத்தனை நிமிடம்? (அவசரம்)

இரவுப்பறவை
வணக்கம். ஜான் ஜுவாங் (அசையாமல் நிற்கும் சீனப் பயிற்சி) தினமும் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும்? 20 நிமிடம் நிற்கப் பார்க்கிறேன். 12, 13 ஆகும்போதே தொடை நடுங்குகிறது. நேற்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொடரலாமா, குறைக்கலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டும்.

மொட்டைமாடி
குதிரை நிலையைத்தானே சொல்கிறீர்கள்? எங்கள் குங்ஃபூ வகுப்பில் அதில் நிறுத்தியே பாதி பேரை ஓட வைத்தார்கள். நடுக்கம் வரத்தான் செய்யும், விடாதீர்கள்.

பச்சைத்தேநீர்
குதிரை நிலை வேறு, இது வேறு. அதில் காலை நன்றாக அகட்டித் தொடையைத் தாழ்த்துவார்கள். ஜான் ஜுவாங்கில் கால் தோள் அகலம் இருந்தால் போதும். முட்டியை லேசாகத் தளர்த்தி, ஒரு மரத்தை அணைத்த மாதிரி கையை வைத்து, நட்ட கம்பம்போல நிற்பது. பெயருக்கும் அதுதான் அர்த்தம்.

இரவுப்பறவை, உங்கள் கேள்வியில் பாதியைக் காணோம். எந்தச் சீனத் தற்காப்புக் கலைக்காக நிற்கிறீர்கள்? தாய்ச்சியா, ஷிங்யியா, யீச்சுவானா? எவ்வளவு நாளாக? கை எந்த உயரத்தில்? சொல்லித் தர ஆள் உண்டா?

சித்தம்தெளிய
கண் இருட்டுவது நல்ல அறிகுறி. உள்ளே அடைப்பு திறக்கும்போது சி, அதாவது உயிர்சக்தி, மேலே ஏறும், அப்போது இப்படித்தான் இருக்கும். நாக்கை மேலண்ணத்தில் வைத்து, கவனத்தைத் தொப்புளுக்குக் கீழே கொண்டுபோங்கள். 40 நிமிடம் தாண்டினால் தானாகச் சரியாகிவிடும்.

காலைநடை
தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட். கண் இருட்டினால் அந்த நிமிடமே உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள். நடக்கும்போது கெண்டைச் சதை ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது, ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும். அணிவகுப்பில் விறைத்து நிற்கும் சிப்பாய்கள் திடீரென்று சாய்வதும் பெரும்பாலும் இதனால்தான். அவர்களுக்கு எந்த அடைப்பும் திறக்கவில்லை.

தொடை நடுக்கம் தனி விஷயம். களைத்த தசை நடுங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சாப்பிட்டுவிட்டு நிற்கிறீர்களா, வெறும் வயிற்றிலா? வயது என்ன? மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

பழந்தூண்
மாதம் ஒருவர் வந்து இதையே கேட்கிறார். பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது.

ஷிங்யியில் சான்டி என்ற அடிப்படை நிலையில் மட்டும் மூன்று வருடம் நிறுத்துவார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். குவோ யுன்ஷென்னிடம் ஷிங்யி கற்ற வாங் ஷியாங்ஜாய், 1920களில் மனப்பாட அசைவு வரிசைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிற்பதையே அடித்தளமாக வைத்து யீச்சுவானை உருவாக்கினார். அவர்களெல்லாம் போன் அலாரம் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. நான் 14 வருடமாக நிற்கிறேன். முதல் இரண்டு வருடம் தோள் வலியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பொறுமை இல்லையென்றால் நீச்சல் பழகலாம்.

பச்சைத்தேநீர்
தூணாரே, பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். உடல்நலத்துக்கு நிற்பது வேறு, சண்டைக்கு நிற்பது வேறு என்று பிரித்ததும் அந்த வாங் ஷியாங்ஜாய் வழிதான். 1950களில் பெய்ஜிங்கில் நோயாளிகளுக்கே இதைக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த யூ யோங்நியான் ஒரு பல் மருத்துவர். மருத்துவமனைக்குள் இதைக் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர். நிற்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்து செய்வது, படுத்துச் செய்வதுகூட உண்டு. மூன்று வருடக் கதையைப் புதிதாக வந்தவரிடம் சொல்லி என்ன பயன்?

எனக்குச் சொன்னது: முதல் இரண்டு மூன்று வாரம் 5 நிமிடம். அது சிரமமில்லாமல் ஆனபிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுவது. 20 வருவதற்கு எனக்கு நான்கு மாதம் ஆனது. யீச்சுவானைத் தீவிரமாகப் பழகுகிறவர்கள் 40 நிமிடம், ஒரு மணி நேரம் என்று போவார்கள். நான் போகவில்லை, எனக்கு 20 போதும்.

பல்லவன்77
எல்லாம் நம்ம போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுபோனதுதான். நம்முடையதையே நாம் சீனப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

பழந்தூண்
வந்துவிட்டார். படம் பார்த்து வரலாறு படித்தால் இப்படித்தான். போதிதர்மர் எழுதியதாகச் சொல்லும் யிஜின்ஜிங் என்ற உடற்பயிற்சி நூல் தலைகாட்டுவதே 1624இல், அவர் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் பிறகு. அவரையும் இந்தப் பயிற்சியையும் முடிச்சுப் போட ஒரு ஆதாரமும் கிடையாது.

பல்லவன்77
அவர் தென்னிந்திய அரசகுமாரர் என்று பழைய சீனக் குறிப்பே சொல்கிறது. அதுவும் பொய்யா?

பச்சைத்தேநீர்
அப்படி ஒரு குறிப்பு உண்டு, சரி. ஆனால் காஞ்சிபுரம் என்று அதில் இல்லை. 547 வாக்கில் லுவோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதியவர் அவரைப் பாரசீகர் என்கிறார். அவர் எங்கே பிறந்திருந்தாலும் சரி, இங்கே ஒருவருக்குக் கண் இருட்டுகிறது.

பல்லவன்77
பாரசீகராம்! இதற்குத் தனி இழை போடுகிறேன், அங்கே வாருங்கள்.

இரவுப்பறவை
மன்னிக்கவும், மதியம் வரை மீட்டிங். வயது 41. வேலைக்காக பெய்ஜிங்கில் இருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் காலை 6 மணிக்குப் பெரியவர்கள் சிலர் நிற்பார்கள், மூன்று வாரமாக நானும் போய் நிற்கிறேன். யீச்சுவான் என்றுதான் சொன்னதாக ஞாபகம். எனக்குச் சீனம் கடையில் சாமான் வாங்கும் அளவுதான். கை நெஞ்சு உயரம். கருப்பு காபி மட்டும் குடித்துவிட்டுப் போவேன். பிரஷர் மாத்திரை காலையில் எழுந்ததும் போட்டுவிடுவேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு பெரியவர் பின்னால் வந்து ஸோங், ஸோங் என்று சொல்லி என் தோளைத் தட்டுவார். கீழே இறங்கச் சொல்கிறார் என்று ஒவ்வொரு முறையும் முட்டியை இன்னும் மடக்குவேன். அவர் இன்னும் தட்டுவார்.

பச்சைத்தேநீர்
அடடா! ஸோங் என்றால் இறங்கு என்பதல்ல, தளர்த்து. தோளை விறைப்பாகத் தூக்கி வைத்திருக்கிறீர்கள், அதை விடு என்கிறார் மனிதர். நீங்கள் மூன்று வாரமாக அரைக் குதிரை நிலையில் 20 நிமிடம் நிற்கப் பார்த்திருக்கிறீர்கள்.

காலைநடை
பிரஷர் மாத்திரைக்குச் சம்பந்தம் இல்லையா! முதல் வரியில் வந்திருக்க வேண்டிய விஷயம் அது. சில மாத்திரைகள் போட்டால் நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நேரத்தையும் மாற்றாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும் வரை நிற்க வேண்டாம். எந்த மாத்திரை? முட்டியின் உள்பக்கம் வலிக்கிறதா?

மொட்டைமாடி
குதிரை நிலை என்று நான் முதலிலேயே சொன்னேன்.

பழந்தூண்
முட்டி கால் விரலைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. உயரமான ஸ்டூல் விளிம்பில் லேசாக உட்கார்ந்த மாதிரி இடுப்பை விடுங்கள், அதற்குமேல் மடக்க வேண்டாம். தோள் கேட்காவிட்டால் கையை வயிற்றளவுக்கு இறக்குங்கள். முடித்ததும் அப்படியே நிற்காமல் மெதுவாக நாலு நடை நடங்கள். பெரியவரைப் பற்றி முதலிலேயே எழுதியிருந்தால் நான் மூன்று வருடக் கதையை எடுத்திருக்க மாட்டேன்.

சித்தம்தெளிய
எது எப்படியோ, அடைப்பு இருப்பது நிச்சயம்.

இரவுப்பறவை (ஒன்பது நாள் கழித்து)
டாக்டரைப் பார்த்தேன், மாத்திரையை இரவுக்கு மாற்றிக் கொடுத்தார். பாவ்சி (ஆவியில் வேகவைத்த பன்) ஒன்று சாப்பிட்டுவிட்டு, முட்டியை லேசாக மட்டும் தளர்த்தி 6 நிமிடம் நிற்கிறேன். இருட்டல் இல்லை. பெரியவர் இன்று தட்டவில்லை, பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். எல்லோருக்கும் நன்றி.

காலைநடை
நல்லது. முட்டி வலியைப் பற்றிச் சொல்லவே இல்லையே?