ஏரிக் குப்பையில் ஒரு காட்டெருமைச் சிலை செய்ய உதவி வேண்டும்

வணக்கம். கொடைக்கானலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் ஒதுங்கும் குப்பையைப் பொறுக்குகிறோம். 1863-இல் உருவாக்கிய ஏரி இது. நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. கரையில் பிடிக்காவிட்டால் எல்லாம் மலையிறங்கிவிடும்.

ஒற்றைச் செருப்பு, பாட்டில் மூடி, அறுந்த கயிறு என்று பத்துச் சாக்கு சேர்ந்திருக்கிறது. இவற்றைக் கொண்டு பூங்காவில் ஆளுயரக் காட்டெருமை ஒன்று நிறுத்த ஆசை. நீலகிரி மாவட்டக் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் உண்ணிச்செடிக் குச்சியில் செய்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றதே, அதைப் பார்த்து வந்த துணிச்சல்.

சிக்கல் என்னவென்றால், வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும். உதிரும் துகள் மறுபடி ஏரிக்கே போனால் நாங்கள் செய்ததற்கு அர்த்தமே இல்லை. மேலே எதைப் பூசினால் தாங்கும்? உருக்கி ஒட்டப்போவதில்லை, அந்தப் புகை நச்சு. துளை போட்டுக் கம்பியால் கட்டலாம் என்றிருக்கிறோம். ஆனால் இந்த மழைக்கும் பனிமூட்டத்துக்கும் சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரமே துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் போதுமா? அப்புறம் குரங்குகள். தளர்வாக எது இருந்தாலும் பிய்த்துவிடும்.

கடற்கரையில் ஒதுங்கிய வலை, மிதவை வைத்துச் சிலை செய்தவர்கள் குழுவில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், எத்தனை வருடம் தாங்கியது? வத்தலக்குண்டு, பழனிப் பக்கம் பொறுமையான வெல்டர் யாராவது தெரிந்தாலும் சொல்லுங்கள். கூலி கொடுத்துவிடுவோம்.