மறு: 'சென்சரி ரூம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்தேன். ஓசை, வெளிச்சம், தொடுகை, அசைவு போன்றவற்றைப் பிள்ளையின் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்த அறைதான் சென்சரி ரூம். அதற்கு அமைதி அறை, ஐம்புலன் அறை, உணர்வறை, புலனறை, விளையாட்டறை என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. கூடுதல் தேவையுள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான். அதனால் அகராதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

> அமைதி அறை என்றாலே போதுமே. பிள்ளை அமைதியடையத்தானே அங்கே போகிறது?

பாதி சரி. சில பிள்ளைகளுக்கு ஓசையும் வெளிச்சமும் தாங்க முடியாத அளவுக்கு உள்ளே வரும். டியூப்லைட்டின் மெல்லிய ரீங்காரம் நம் காதில் விழுவதே இல்லை. அந்தப் பிள்ளையோ காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு மங்கிய விளக்கும் ஓசையடங்கிய இடமும் வேண்டும். இன்னொரு பிள்ளைக்கு எதுவுமே போதாது. சுவரில் போய் மோதும், சட்டைக் காலரைக் கடிக்கும், நிற்காமல் சுற்றும். அதற்கு வேண்டியது ஊஞ்சல், விழுந்து புரள மெத்தை, உடம்பை நன்றாக அழுத்தும் கனமான போர்வை. ஒரே பிள்ளை காலையில் ஒரு மாதிரியும் பிற்பகலில் வேறு மாதிரியும் இருப்பதும் உண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, ஆட்டிசத்தின் அடையாளங்களில் இந்த மிகையையும் குறைவையும் சேர்த்தே சொல்கிறது. ஆக, அறையின் வேலை சில நேரம் அடக்குவது, சில நேரம் தட்டி எழுப்புவது.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 'அமைதி அறை' என்று பலகை மாட்டினால், அடம்பிடிக்கிற பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும் இடமாக அது மாற அதிக நாள் ஆகாது. இது தண்டனைக்கான இடமே இல்லை.

> ஐம்புலன் அறை என்று வைத்தால் வள்ளுவரும் துணை நிற்பார்.

'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்பது எனக்கும் பிடித்த வரிதான். தொடுவுணர்வைக் குறிக்கும் ஊறு என்ற அழகான சொல்லை நாம் கைவிட்டது தனிக் கதை. ஆனால் ஊஞ்சல் இந்த ஐந்தில் எதற்குத் தீனி போடுகிறது? உட்காதில் இருக்கும் சமநிலை உணர்வுக்கு. கனமான போர்வை தோலோடு நிற்பதில்லை. கை எங்கே, கால் எங்கே என்று தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லும் உணர்வையும் அது தொடுகிறது. புலன்கள் தரும் செய்திகளை மூளை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்று சொல்லும் புலன் ஒருங்கிணைப்புக் கொள்கையை வகுத்து 1972-ல் நூலாக்கிய அமெரிக்கச் சிகிச்சையாளர் ஜீன் அயர்ஸ், இந்த இரண்டையும் தொடுவுணர்வையும்தான் அடித்தளமாக வைத்தார். ஐந்து என்று பூட்டிவிட்டால் இந்த இரண்டும் வெளியே நிற்கும்.

உணர்வறை என்றால் பெற்றோர் அழுகை, கோபம் பற்றிய அறை என்று நினைக்கிறார்கள். புலனறை என்றால் புலன் விசாரணை நடக்கும் காவல் நிலையம்தான் ஞாபகத்துக்கு வருகிறது! சிரிக்க வேண்டாம், ஒருவர் உண்மையிலேயே கேட்டார்.

சரி, எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன்: சுவிட்ச் யார் கையில் இருக்கிறது?

இந்த அறைகளின் மூதாதை 1970-களில் நெதர்லாந்தில், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஹார்ட்டன்பெர்க் நிலையத்தில் பிறந்தது. அங்கே அதற்கு வைத்த 'ஸ்னூசலன்' என்ற பெயர், முகர்ந்து துழாவுவது, கண்ணயர்வது என்ற இரண்டு டச்சுச் சொற்களை ஒட்டவைத்தது. அவரவர் போக்கில் துழாவலாம், வேண்டாமென்றால் சும்மா கிடக்கலாம், யாரும் ஏவ மாட்டார்கள் என்பதே அதன் கருத்து. கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் ஆட்டிசமுள்ள 41 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வும் இதையே தொடுகிறது: கருவிகளைத் தாங்களே மாற்ற முடிந்தபோது பிள்ளைகளின் கவனம் கூடியது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தது. அறைக்குள் தெரிகிற மாற்றம் வகுப்பறை வரை கூட வருமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. அதையும் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும்.

பக்கத்திலிருந்து பார்த்தால் இது சின்ன விஷயம்தான். குமிழி ஓடும் தூணில் ஒரு பெண் முதுகைச் சாய்த்து அதன் அதிர்வை வாங்கிக்கொண்டிருப்பாள். கையில் நான்கு வண்ணப் பொத்தான்கள். நீலம், நீலம், மறுபடி நீலம். பெரியவர்கள் யாராவது 'பச்சையைப் பாரேன்' என்று அமுக்கிவிட்டால் எழுந்து போய்விடுவாள்.

அதனால் என் பரிந்துரை: புலனிசைவு அறை. இசைவு என்றால் பொருந்துவது, சம்மதமும் அதுவே. அறை பிள்ளைக்கு இசைய வேண்டும், பிள்ளையின் இசைவில்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. பின்னால் 'இசைவு' வந்துவிட்டால் காவல் நிலையமும் கழன்றுவிடுகிறது.

> விளையாட்டறை என்று எளிமையாக வைத்தால் என்ன?

பதினாறு வயதுப் பையனை விளையாட்டறைக்கு வா என்று கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும். இளையோருக்கும் சேர்த்துத்தான் இந்தச் சொல்.

நான் தயாரிக்கும் பெற்றோர் கையேட்டில் முதல் இடத்தில் 'புலனிசைவு அறை, அதாவது சென்சரி ரூம்' என்றும், பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் தனியாகவும் எழுதப் போகிறேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

அப்புறம், அறைக்குள் இருக்கும் பொருள்களுக்கும் பெயர் வேண்டும். குமிழித் தூண், ஒளியிழைக் கொத்து (ஃபைபர் ஆப்டிக் விளக்கு) இரண்டும் ஓடும் என்று நினைக்கிறேன். கனமான போர்வைக்குத்தான் இன்னும் முடிவாகவில்லை: பளுப்போர்வையா, அழுத்தப் போர்வையா? பிள்ளை தானே விலக்க முடியாத எடையில் அதைப் போர்த்தவே கூடாது என்ற எச்சரிக்கையும் கையேட்டில் அதே வரியில் வருகிறது. எடையைச் சொல்லும் பெயரே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?